வரிக்கு வரி ப்ளீஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

டெல்லி வியாபாரிக்கு நீங்கள் எழுதிய இங்கிலீஷ் கடிதத்தை ஆட்கள் முன்னால் நான் திருத்திவிட்டேன் என்று, மேட்டுப்பாளையம் மண்டியிலேயே பாக்கு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறீர்களாம். படுங்கள். உங்கள் முதுகு, உங்கள் மூட்டை.

காந்திபுரம் இங்கிலீஷ் வகுப்பில் புகார்க் கடிதம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் தண்ணீர் வரவில்லை, பஸ் வரவில்லை என்று எழுதினார்கள். நான் உங்களைப் பற்றி எழுதினேன். நமக்குத்தான் 'ங்க' போடாமல் வாய் வராதே! இங்கிலீஷில் 'ங்க' கிடையாது; அதனால் வரிக்கு வரி 'ப்ளீஸ்' போட்டுவைத்தேன்.

சார் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, புகார் எழுதச் சொன்னா கல்யாணத்துக்கு அழைச்சிருக்கறீங்க. வேண்டாததையெல்லாம் வெட்டிப்போடுங்க."

வெட்டினேன். உங்கள் குறட்டை போயிற்று. உங்கள் கோபம் போயிற்று. உங்கள் அக்காவைப் பற்றிய பக்கமும் போயிற்று; அதற்குத்தான் மனசே வரவில்லை. கடைசியில் 'ப்ளீஸ், வீட்டுக்கு வாங்க' என்பது மட்டும் மிஞ்சியது. அந்த 'ப்ளீஸ்' எதற்கு என்றார் சார். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பதில் எழுதாதீர்கள். எழுதினால் என் கை சும்மா இருக்காது, திருத்திவிடுவேன். நேரிலேயே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி