சுவரொட்டியில் சிரித்த மாமா

மார்ச் 4
இன்று ஒரு லாரி டிரைவர் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். எங்கள் மருத்துவமனையில், ஆண்களுக்கு முன்தோலை நீக்கும் இந்த வளையத்தை டாக்டரம்மா கையில் எடுக்குமுன், வந்தவரைத் தனியே உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்வி கேட்பதுதான் என் உத்தியோகம்: உங்களுக்கு வேண்டுமா, வேறு யாருக்காகவாவது வந்தீர்களா? கூட்டிவந்த முதலாளியானாலும் மனைவியானாலும் அப்போது வெளியில்தான் இருக்க வேண்டும். டிரைவர் போனதில் வளையக் கம்பெனிக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. தொங்கட்டும்.

மார்ச் 7
கம்பெனிக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கோட்டு'. எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். சுவரொட்டிக்கு நாலு பேருக்குத் தெரிந்த முகம் வேண்டுமாம். என் வாய் சும்மா இருந்ததா? அக்கா வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார், தெருவே அவர் முன்னால்தான் தலை குனியும் என்று சொல்லிவைத்தேன். கோட்டு அப்போதே வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். எனக்குச் சம்பளம் தருவது அவர் கம்பெனி; அடுத்த மாதம் என் வேலையை நீட்டிப்பது அவர் கையில்தான் இருக்கிறது. அதையும் நினைத்துத்தான் சொன்னேனோ?

மார்ச் 9
முடிவெட்டிக்கொண்டேன். ஒவ்வொரு மாதமும் போல மாமா "கிருதாவைக் குறைக்கவா மாப்ளே?" என்று கேட்டார். நானும் வழக்கம்போல வேண்டாம் என்றேன். பதில் தெரிந்தும் எதற்குத்தான் கேட்கிறாரோ.

பிறகு கோட்டு வந்து படம் பிடித்தார். கோட்டு கேட்டதும் மாமா தலையாட்டிவிட்டாராம். அவருக்கு வளையம் போடுவது அடுத்த சனிக்கிழமை. ஆனால் சுவரொட்டி வாசகம்: 'நான் போட்டுக்கொண்டேன். கத்தி இல்லை, தையல் இல்லை, வலி இல்லை!' இன்னும் போடவே இல்லையே என்றேன். சனிக்கிழமை போட்டதும் உண்மையாகிவிடும் என்கிறார். வலி இல்லையாமே! ஒரு வாரம் மாட்டிக்கொண்டு நடந்தவர்கள், கழற்றும்போது பல்லைக் கடிப்பதை நான் பார்க்காதவனா?

மார்ச் 12
பஸ் நிறுத்தத்தில் மாமா. மருந்துக்கடைச் சுவரில் மாமா. எல்லா இடத்திலும் பல் தெரியச் சிரிக்கிறார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 14
அக்கா போன் செய்தாள். மாமா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சலூனில் கூட்டம் அதிகம் போல.

மார்ச் 16
மாமா புதுச்சட்டை போட்டு வந்தார். நம்ம மாமாதானே என்று தோளில் கைபோட்டு நேராக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா, எந்த அளவு வளையம் என்று பார்க்க அளவுப் பட்டையை எடுத்துக்கொண்டே, கேட்டாயிற்றா என்றார். தலையை ஆட்டினேன். ஆட்டினேனே, பாவி!

அப்போதுதான் மாமாவின் கையைப் பார்த்தேன். அடுத்தவர் தொண்டையில் கத்தி வைத்து நடுங்காத கை. கட்டில் விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தது.

இன்னும் கேட்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, மாமாவை என் அறைக்கு அழைத்துவந்து கதவைச் சாத்தினேன். முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோலக் கேட்டேன். மாமா புதுச்சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"போட்டோ எடுத்தாச்சு மாப்ளே. எல்லாரும் பாத்தாச்சு. உன் வேலை வேற இதுல இருக்கு. இனிமே எப்படி வேணாம்னு சொல்றது?"

"அதை நான் கேக்கல மாமா. உங்களுக்கு வேணுமா?"

"வேணாம்."

தரையைப் பார்த்துச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

யார் யாரையோ கேட்டேன். அவரை ஏன்டா கேட்கல? கேட்டா வேணாம்னு சொல்லிடுவாரோன்னுதானே?

மார்ச் 18
சுவரொட்டியை எடுத்துவிடச் சொன்னேன். யார் வந்து அவிழ்த்துப் பார்க்கப்போகிறார்கள் என்று கோட்டு சிரித்தார். வேண்டும் என்பவருக்கு வளையம் நல்லதுதான், பொய் சொல்லிக் கூப்பிடாதீர்கள் என்றேன். கோட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் நானே ஒரு வாளித் தண்ணீரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பாதி சுரண்டியபோது பின்னால் மாமா, கையில் பழைய சவரக்கத்தியோடு. மிச்சத்தை அவரே சுரண்டினார்.

"இத்தனை வருஷம் அடுத்தவன் மூஞ்சியை வழிச்சேன் மாப்ளே. இன்னிக்கு என் மூஞ்சியையே வழிக்கிறேன்."

சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பசைத் தண்ணீர் தெறித்தது என்று சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 30
வேலை நீட்டிப்பு இல்லை. காலை வேளைக்கு மட்டும் மருத்துவமனைக் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார் டாக்டரம்மா. பாதிச் சம்பளம்தான். கேள்வி அதேதான்.

ஏப்ரல் 6
முடிவெட்டப் போனேன். சுவரொட்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கிருதாவைக் குறைக்கவா மாப்ளே?" என்றார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"வேணாம் மாமா."

சரி என்று கத்தியை மடக்கி வைத்துவிட்டு, கழுத்துக்குப் பவுடர் போட்டார்.