மூடாத காது

வெள்ளி, இரவு

செமோரிலிருந்து வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று கணுக்கால் ஆபரேஷன். மயக்க மருந்து என் பொறுப்பு. பரம்பரை நரம்புக் கோளாறு அவளுக்கு. வலி தெரியாது, பிரஷர் நிலையாக நிற்காது. உடைந்த காலோடு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

தியேட்டர் வாசலில் அவள் அம்மா, பிள்ளையின் தலையில் மாட்டியிருந்த தொப்பியைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டார். கையுறை ஃபேக்டரியில் வேலை செய்பவர். "காத மூடாதீங்க டாக்டர். பிரஷர் எறங்குறதுக்கு முன்னாடி காது வெளுத்துரும் லா."

அவர் மனசுக்காகத்தான் தலையாட்டினேன்.

பாதியில் காது வெளுத்தது. மானிட்டரில் சில நிமிடத்துக்கு முன் எடுத்த பழைய ரீடிங்தான் இருந்தது. உடனே மறுபடி அளந்து பார்த்தேன், பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த நோய்க்கு, பிரஷரை ஏற்றும் மருந்தை வழக்கமான அளவில் கொடுப்பது ஆபத்து. சலைனை வேகமாக விட்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். நிறம் திரும்பியது.

வெளியே வந்து கேட்டேன். "பதினஞ்சு வருஷமா இந்த வேலைதான் பாக்குறேன். எனக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சது?"

"இவளுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா டாக்டர். அவளுக்கும் இதேதான். அவ தவறிப்போன அன்னிக்குக் காது வெளுத்தப்ப, குளிருதுபோலன்னு நான்தான் துண்டச் சுத்திவிட்டேன்."