சாமியறையில் போட்ட எழுத்துமேசை

இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்த காலத்தில் இப்படிக் கூப்பிட்டுக்கொண்டு உங்கள் அறைக் கதவடியில் நின்றால் பொல்லாத கோபம் வரும் உங்களுக்கு. "எழுதேக்கை கூப்பிடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்பீர்கள். இனிக் கோபிக்க முடியாது. கேளுங்கள்.

நீங்கள் போய் ஒரு வருசமாகிறது; ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் போடுகிறார்கள். நீங்கள் எழுதுவதற்கு நான் வீட்டில் எப்படி வசதி செய்து தந்தேன் என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி வாசகர் சங்கச் செயலாளர் கேட்டார். எழுதுகிறேன். ஒரு வரியும் வெட்டாமல் போட வேண்டும் என்று அவரிடம் சொல்லியாயிற்று.

வட்டக்கச்சியில் குடியேற்றத் திட்டத்து வீடு கிடைத்தபோது அதில் அறை இரண்டுதான். ஒன்றில் படுத்தோம். மற்றதில், கிழக்குப் பார்த்த யன்னலடியில், தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளையார் படத்தை வைத்து விளக்கேற்றினேன். பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது அந்த விளக்கடியில், தேவாரப் புத்தகத்தைப் பார்த்து.

ஒருநாள் வேலை விட்டுக் கந்தோரால் வந்து சைக்கிளை நிறுத்தியும் நிறுத்தாமலும், "நாவல் எழுதப்போறன். வெளிச்சமுள்ள அறை வேணும்" என்றீர்கள்.

"அப்ப பிள்ளையார்?"

"அவர் குசினியிலை இருக்கட்டும். மோதகத்துக்குக் கிட்ட."

உங்கள் பகிடிக்கு நீங்களே சிரித்தீர்கள்.

விளக்குப் புகை கடதாசியைக் கெடுக்கும் என்றீர்கள். சுருட்டுப் புகை கெடுக்கவில்லை. மணிச் சத்தத்தில் வசனம் கலைகிறது என்றீர்கள். மணியை உறியில் தூக்கி வைத்தேன். பிறகு தேவாரமும் கூடாது என்றீர்கள். அன்றிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்தேன். மழைக்காலத்தில் பிள்ளைகள் மிச்சமிருந்த ஒரே அறையில் நெல்மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சுருண்டு படுத்தார்கள். குசினி அடுப்படியில் சுளகை மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் வீட்டுக் கணக்கு எழுதினேன். அந்த எழுத்துக்கு ஒருவரும் அறை தரவில்லை.

உங்கள் நாவல் வந்தது. வாசித்தேன். அதில் வருகிற பெண் விடியற்காலையில் குளக்கட்டுவரை கேட்கும்படி தேவாரம் பாடுகிறாள். அவள் குரலில் ஊர் விழிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வந்தவர் போனவர் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் புகழ்ந்தார்கள். அன்றும் உங்களுக்குச் சோறு போட்டேன்.

போன கிழமை செயலாளர் வந்தார். கதிரை, மைப்போத்தல், சுருட்டுச் சாம்பல் எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டுமாம். அறையைப் பூட்டித் திறப்பைச் சங்கத்திடம் தர வேண்டுமாம். மேசையில் உங்கள் படத்தை நிறுத்தி, அதற்கு முன்னால் விளக்கும் ஏற்றினார்.

"கடதாசியிலை புகை படியும், தம்பி" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "அக்கா, கதையிலை பாடுற பொம்பிளை நீங்கள்தானே?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. அவா பாடுறவா. என்னை இந்த வீட்டிலை பாட விடேல்லை."

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நாவலில் அவள் பாடுவது, நான் குசினியில் முணுமுணுத்த அதே தேவாரம். எழுத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தீர்களா? கேட்டிருந்தால், ஏன் ஒருநாளும் கதவைத் திறக்கவில்லை?

பதில் வராது. நான் காத்திருக்கவும் போவதில்லை. திறப்பு சங்கத்துக்குக் கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளையார் தன் யன்னலடிக்குத் திரும்புவார். மேசை குசினிக்குப் போகும். கணக்கு எழுத உதவும். உங்கள் படத்தை அறைக்கு வெளியே, நான் கூப்பிட்டுக்கொண்டு நின்ற இடத்தில் மாட்டுவேன்.

ஒவ்வொரு விடியலிலும் உள்ளே இருந்து உரத்துப் பாடுவேன். இது பிள்ளையார்மேல் சத்தியம். கதவைச் சாத்த மாட்டேன்.

உங்கள் பிள்ளைகளின் தாய்,
தையல்நாயகி