கிராமில் சொல்லுங்கள் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஈப்போ விளையாட்டு விடுதியில் நான் நலம்.

ஓட்டப் பயிற்சிக்குத் தரும் டயட் சாப்பாட்டுப் பெட்டியில் புரத அளவெல்லாம் அச்சிட்டிருக்கிறது. ஆனால் அறையில் தனியாக நான்கு நிமிடத்தில் தின்றுவிடுகிறேன், வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது போல இல்லை. அதனால் நேற்று நானே பருப்பும் கீரையும் சமைத்தேன். அடிப்பிடித்து, புகை மணி அலறியது. வார்டன் பிரதீபா அக்கா ஓடிவந்து, "பருப்பை வச்சிட்டு புத்தகம் படிச்சியா லா?" என்றார். பயப்படாதீர்கள், சட்டி மட்டும்தான் கருகியது. மேலாக இருந்ததைத் தோழிகளோடு வழித்துச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பயிற்றுநரிடம் அளவுகளை எழுதிக் காட்டினால்தான் சமைக்க அனுமதி, இல்லாவிட்டால் பெட்டிதான். "கொஞ்சம் பருப்பு" என்றால் ஏற்கமாட்டார். ஞாயிறன்று எங்களுக்குப் போன் தருவார்கள். நீங்கள் எடைபோட்டுச் சமைத்துக்கொண்டே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன். தாளித்து முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள்.

விசில் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
ஷர்மினி