இரண்டு கையெழுத்து

ஓசூர்
12 ஜனவரி 2025

கலாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். கவிநிலாவுக்கு இருமல் நின்றதா?

என்னிடம் இப்போது பட்டன் போன்தான். பெரிய போனை விற்று ஐந்து மாதமாகிறது. அது கையில் இருந்தால் அந்த ஆப்பைத் திறப்பேன். பட்டன் போனில் உன்னிடம் பேசினாலோ இரண்டாவது நிமிடமே சண்டை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச ஆளில்லை.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கவிநிலா பிறந்த சில மாதத்தில் நாம் இருவர் பெயரிலும் தொடங்கினோமே, அந்த மியூச்சுவல் ஃபண்டை விற்பதற்கான படிவம். மாதம் இரண்டாயிரமாக நூறு தவணை கட்டி முடித்திருக்கிறோம். இன்றைக்கு நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கிறது. விற்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

அந்தப் பணத்தில் வங்கியில் கிடக்கும் உன் பதினோரு பவுனை மீட்டுவிடலாம். தட்டாஞ்சாவடி ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை செய்த செம்மல் அண்ணனிடம் வாங்கிய ஒரு லட்சத்தையும் கொடுத்துவிடலாம். சந்தை செப்டம்பரிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. டீக்கடையில் பேப்பர் பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் விற்றுக்கொண்டு போகிறார்களாம். தாமதித்தால் இன்னும் குறையும்.

நான் செய்ததற்கு இதையாவது செய்யவிடு.

இளம்பரிதி

*

கோரிமேடு, புதுச்சேரி
2 பிப்ரவரி 2025

கவிநிலா அப்பாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. முன்பல் ஒன்று விழுந்து புதுப்பல் கோணலாக முளைக்கிறது. உங்கள் பல் போலவே.

படிவம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். புரியாத தாளில் நான் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது நகைக்கடனுக்கு. "பழைய லேத் மிஷின் ஒண்ணு வருது கலா, பங்குக்கு வாங்கிப் போட்டா நாளைக்கு நம்ம சொந்தத் தொழிலு" என்றீர்கள். லேத் வரவேயில்லை. அதனால் இந்த முறை புரிந்துகொண்டுதான் போடுவேன்.

எட்டு வருடத்தில் நம்முடைய இரண்டு லட்சம் ஏறக்குறைய நாலு லட்சமானது. எட்டே மாதத்தில் என் நகை காணாமல் போனது. இரண்டும் ஒரே பங்குச்சந்தையில் நடந்தது என்கிறார்கள். அதெப்படி? இந்த ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யூடியூபில் பங்குச்சந்தைச் செய்தி பார்க்கிறேன். ஒருவர் வாங்கு என்கிறார். பக்கத்தில் இருப்பவர் விற்றுவிடு என்கிறார். இருவரும் சிரித்துக் கைகொடுத்துக்கொண்டு போகிறார்கள். யார் சொன்னது நடந்தது என்று மறுநாள் யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து ரத்தம் கொடுக்கிறார்கள். காலையில் ஒரு சர்க்கரை, சாப்பிட்ட பின் ஒரு சர்க்கரை. டாக்டர் அதை மட்டும் பார்த்து மருந்தை மாற்றமாட்டார். மூன்று மாதச் சராசரியைக் கேட்பார். தினம் தினம் சென்செக்ஸ் சொல்கிறவர்கள் எனக்கு விரலைக் குத்துகிறவர்களாகத்தான் தெரிகிறார்கள். நான் நினைப்பது சரியா?

இன்னும் இரண்டு உண்டு. தங்கம் விலை ஏறிக்கொண்டே போகிறதே, அடகில் இருக்கும் என் நகை ஏறிய லாபம் யாருக்கு? ஃபண்ட் நடத்துகிறவர்கள் நாம் நஷ்டப்பட்டாலும் தங்கள் செலவை எடுத்துக்கொள்வார்களா?

செம்மல் அண்ணனை உழவர் சந்தையில் பார்த்தேன். "என்னாம்மா, பரிதி எப்ப வர்றான்? துட்டுக்காவ கேக்கல, சும்மாதான் கேட்டேன்" என்றார். கத்தரிக்காய்க்காரியிடம் எனக்கும் சேர்த்து அவரே பேரம் பேசினார்.

பதில் எழுதுங்கள். கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம்.

சந்திரகலா

*

ஓசூர்
23 பிப்ரவரி 2025

கலாவுக்கு,

திட்டியிருப்பாய் என்று நினைத்துத்தான் கவரைப் பிரித்தேன். உள்ளே கேள்விகள் இருந்தன. திட்டே தேவலை.

ஃபண்டில் நம் பணத்தைக் கொண்டு பல கம்பெனிகளின் பங்கை வாங்கி வைக்கிறார்கள். கம்பெனி சோப்புச் செய்கிறது, மோட்டார் செய்கிறது, மெதுவாக வளர்கிறது. அதில் தூசி அளவு நம்முடையது. நான் செய்தது வேறு. வியாழக்கிழமைக்குள் சந்தை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது. ஆப்ஷன் என்பார்கள். சரியாக அமைந்தால் ஒரே நாளில் பல மடங்கு. தவறினால் வியாழன் மதியம் மூன்றரைக்குப் போட்டது பூஜ்யம். பொறுத்திருந்தால் திரும்பி வரும் என்பதெல்லாம் அங்கே கிடையாது. ஒரே சந்தைதான், ஆனால் ஒன்றில் காலம் நமக்கு வேலை செய்கிறது, மற்றதில் நம்மைத் தின்கிறது.

நகை உன்னுடையது, விலை ஏறிய லாபமும் உனக்குத்தான், மீட்டால். ஃபண்ட்காரர்கள் செலவை ஏறினாலும் இறங்கினாலும் எடுக்கிறார்கள். தினம் கொஞ்சமாக மதிப்பிலேயே கழித்துவிடுவதால் கண்ணில் படாது. சர்க்கரை விஷயம் நீ சொன்னது சரி. நான் ஒரு நாளைக்கு நூறு தடவை குத்திக்கொண்டவன்.

நீ கேட்காததையும் எழுதிவிடுகிறேன். முதல் தடவை ஒர்க்‌ஷாப் கக்கூஸில் நின்றுகொண்டு நானூறு ரூபாய் போட்டேன். டீ நேரம் முடிவதற்குள் மூவாயிரத்து நூறு. அன்று சாயங்காலம் போனஸ் என்று சொல்லி உனக்குப் புடவை எடுத்து வந்தேன். அது போனஸ் இல்லை. இதில் இறங்குகிற தனி ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர் தோற்கிறார்கள் என்று, சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொன்னது. அந்தச் செய்தியை நான் படித்தேன், கலா. படித்துவிட்டு, பத்தாவது ஆள் நான்தான் என்று நினைத்தேன்.

கவிநிலாவின் பள்ளி ஆண்டு விழா ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்தது. ஓவர்டைம் என்று சொன்னேன். ஓவர்டைம் இல்லை. பள்ளிக்கு வந்து, எதிரே மரத்தடியில் வண்டியை நிறுத்தி, போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. நாற்பது நிமிடத்தில் எண்பத்து நாலாயிரம் போனது. உள்ளே வராமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன்.

இளம்பரிதி

*

கோரிமேடு
13 ஏப்ரல் 2025

கவிநிலா அப்பாவுக்கு,

நாளை வருடப் பிறப்பு. வேப்பம்பூ வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு பல நாள் அதைத் தொடவில்லை. ஆண்டு விழா அன்று அவளுக்கு மயில் வேஷம். ஆடுவதை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கீழேயிருந்து கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். நீங்கள் சுவருக்கு வெளியேதான் இருந்தீர்கள் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்வதா என்றும் தெரியவில்லை.

இந்த மாதம் ஏழாம் தேதி நடந்ததை எழுத வேண்டும். அமெரிக்காக்காரன் வரி போட்டதில் சந்தை விழுந்த திங்கட்கிழமை. என்னோடு வேலை செய்யும் நிர்மலாதேவி ஓடி வந்தாள். "யக்கா, உன் ஃபண்டப் பாத்தியா? ஊரே விக்குதாம். நீயும் வித்துடுக்கா" என்றாள். பார்த்தேன். மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வந்திருந்தது. ஜனவரியிலிருந்து கைப்பையிலேயே இருந்த உங்கள் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தேன். பேனா மூடியையும் கழற்றிவிட்டேன்.

அப்போது ஒன்று கேட்கத் தோன்றியது. போன ஐம்பதாயிரம் எங்கே போனது? யார் எடுத்தார்கள்? பழைய ஸ்டேட்மென்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் நம் கையில் இருந்தது 5,214 யூனிட். அன்றைக்கும் 5,214 யூனிட். ஒன்றுகூடக் குறையவில்லை. இன்று வாங்க வருகிறவன் குறைத்துக் கேட்கிறான், அவ்வளவுதான். எனக்கு இன்று விற்க அவசியமா? இல்லை. பேனாவை மூடினேன். நகைக்கடன் வட்டியை என் சம்பளத்தில் கட்டிப் புதுப்பித்துவிட்டேன்.

நான் கெட்டிக்காரி என்பதற்காக இதை எழுதவில்லை. அந்த அரைமணி நேரம், இப்போதே ஏதாவது செய்தாக வேண்டும் என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடியது. உங்களுக்கு ஓடியதும் அதுதானா? இப்போதும் ஓடுகிறதா? அன்றைக்கு நீங்கள் எதுவும் செய்யவில்லையே?

கலா

*

ஓசூர்
8 ஜூன் 2025

கலாவுக்கு,

பதில் எழுத எட்டு வாரம் எடுத்துக்கொண்டேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

செய்தேன். ஏழாம் தேதி செய்தேன். என் அறையில் தங்கியிருக்கும் விஜய்யிடம் மூவாயிரம் கொடுத்து, அவன் போனில், அவன் கணக்கில் போட்டேன். சந்தை காலையில் பாதாளத்துக்குப் போய்விட்டுக் கொஞ்சம் எழுந்தது. எழும் என்று கட்டியிருந்தேன். மதியத்துக்குள் பதினோராயிரம் ஆகிவிட்டது. விஜய் என்னைத் தூக்கிச் சுற்றினான். "அண்ணே, நீ மாஸ்டருண்ணே, எனக்கும் சொல்லிக் குடுண்ணே" என்றான். அவனுக்கு இருபத்து மூன்று வயது. போன மாதம்தான் நிச்சயமானது.

தோற்றிருந்தால் வெட்கப்பட்டு விட்டிருப்பேன். ஜெயித்ததால் பயந்துபோனேன். எட்டு மாதம் டீக்கடைப் பேப்பரோடு நின்றவன், ஒரே காலையில் பழைய ஆளாகிவிட்டேன்.

அதனால் இதைக் கேட்கிறேன். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதே. இந்த ஃபண்டில் முதல் பெயர் என்னுடையது. விற்றால் பணம் என் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஜனவரியில் எழுதியபோது நகையை மீட்கத்தான் கேட்டேன், சத்தியமாக. ஆனால் நாலு லட்சம் என் கணக்கில் ஓர் இரவு இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. செம்மல் அண்ணனுக்கு மாதம் ஐயாயிரம் மணியார்டரில் அனுப்புகிறேன். மற்றதை நீ பார்த்துக்கொள்.

இளம்பரிதி

*

கோரிமேடு
20 ஜூலை 2025

கவிநிலா அப்பாவுக்கு,

படிவத்தைக் கிழித்துவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல, எப்படியும் போட்டிருக்கமாட்டேன். அது அவள் படிப்புக்கு என்று தொடங்கியது, அவள் படிப்புக்கே இருக்கட்டும். நகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நான் மீட்கிறேன். போன வாரம் என் பெயரில் மட்டும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு வேறொரு ஃபண்ட் தொடங்கினேன். வாங்கும் முன் அதன் செலவு எவ்வளவு என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை திருதிருவென்று முழித்து, உள்ளே போய்க் கேட்டு வந்தான்.

எங்கள் மனநலப் பிரிவில் ஒரு டாக்டரிடம், யாரென்று சொல்லாமல், இதைப்பற்றிக் கேட்டேன். சூதாட்டப் பழக்கம் குடி போலவே ஒரு நோய், அதற்கு மருத்துவம் உண்டு என்றார். "அவரா வரணும். நீங்க இழுத்துட்டு வந்தா பிரயோஜனமில்ல" என்றார். ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை, காலையில் பார்க்கிறாராம்.

ஆகஸ்ட் பதினைந்தும் பதினாறும் புதுச்சேரியில் விடுமுறை. அடுத்த நாள் ஞாயிறு. வாருங்கள், நாலு நாள் இருங்கள். வீட்டுக்கே திரும்பி வாருங்கள் என்று நான் எழுதவில்லை. அதை இன்னும் யோசிக்கவில்லை. கவிநிலாவிடம் எதுவும் சொல்லவில்லை, வருவதானால் சொல்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். மூவாயிரம் பதினோராயிரம் ஆனது வரை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதினோராயிரம் என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

கலா

*

ஓசூர்
3 ஆகஸ்ட் 2025

கலாவுக்கு,

மறுநாளே போய்விட்டது. எட்டாம் தேதி, மறுபடி விழும் என்று மொத்தத்தையும் வைத்தேன். சந்தை ஆயிரம் புள்ளி ஏறியது. விஜய்யும் என் பேச்சைக் கேட்டுத் தன் பணம் ஏழாயிரத்தைப் போட்டிருந்தான். அதுவும் போயிற்று. அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏழாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வாங்கமாட்டேன் என்றவனைக் கட்டாயப்படுத்தி. அவன் அந்த ஆப்பை என் முன்னால் அழித்தான். மறுபடி போட்டானா, தெரியாது.

இதை மறதியில் விட்டுவிடவில்லை. ஜெயித்ததோடு நிறுத்திய ஆள் என்று நீ நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகவே எழுதாமல் விட்டேன். நீ கேட்பாய் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பதினெட்டாம் தேதி டாக்டரிடம் நானே வருகிறேன். என் பெயரைச் சொல்லியே சீட்டு வாங்கு.

பதினைந்தாம் தேதி காலை முதல் பஸ். கவிநிலாவிடம் சொல்லிவிடு. ஏறி உட்கார்ந்ததும் உனக்கு ஒரு ரிங் கொடுக்கிறேன். நீ எடுக்க வேண்டும் என்பதில்லை. அடித்தால், நான் பஸ்ஸில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

இளம்பரிதி