சுட்டவருக்கு வெள்ளி, சுமந்தவருக்கு வெண்கலம்

என் அன்பு அண்ணே,

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருசம். எல்கடுவையில் மழை விட்டிருக்கிறது. உன் பேத்திக்குப் பல் முளைத்து, கண்டதையெல்லாம் கடிக்கிறாள்.

பூட்டனின் பதக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவின் வடமேற்கு மலையில் நடந்த சண்டைக்குப் போனதற்காக அவருக்குக் கிடைத்தது. அதோடுதான் அவர் கடல் தாண்டி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். மாத்தளைப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் நம்மைத் திருட்டுத்தனமாக வந்தேறிய கள்ளத்தோணி என்றபோது, நீ அதை எடுத்துப்போய் வாத்தியார் மேசையில் வைத்தாய். "எங்க பூட்டன் சிப்பாய் சார். ராணி குடுத்த வெள்ளிப் பதக்கம் இது." அதற்குப் பிறகு யாரும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

உன் கல்லறைக் கல்லில் 'சிப்பாய் பரம்பரை' என்று வெட்ட வேண்டும் என்றான் உன் மகன் சிவா. எந்தப் பட்டாளம் என்று விசாரிக்கச் சொல்லிப் பதக்கத்தை என்னிடம் தந்தான். பலாபத்வலயில் ஓய்வுபெற்ற இராணுவக்காரர் ஒருவர் இருக்கிறார், சிங்களவர். பழைய பதக்கங்கள் சேர்ப்பவர். அவரிடம் கொண்டுபோனேன்.

ஓரத்தைத் துணியால் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"அக்கா, இது வெள்ளி இல்ல, வெண்கலம். பேருக்குப் பக்கத்துல டோலி தூக்குறவர்னு இங்கிலீசுல இருக்கு. சுட்டவங்களுக்கு வெள்ளி குடுத்தாங்க. காயப்பட்டவங்களத் தூக்கினவங்களுக்கு வெண்கலம்."

என் முகம் வாடியதை அவர் கவனித்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

"வடக்குச் சண்டையில நான் விழுந்து கெடந்தப்ப ரெண்டு பேர் தூக்கிட்டு ஓடினாங்க. அவங்க பேர் எனக்கு இன்னும் தெரியாது. உங்க ஆளோட பேரையாவது எழுதி வச்சிருக்காங்க."

பஸ்ஸில் வரும்போது, சிவாவிடம் மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மனம் கேட்கவில்லை. சொன்னதும் அவனுக்குக் கோபம்.

"அப்பா சொன்னதப் பொய்யாக்கப் போறீங்களா அத்தை?"

"பொய் இல்ல தம்பி. உங்க அப்பாவுக்குத் தெரியாது" என்றேன்.

சொன்னேனே தவிர, எனக்கு நிச்சயமில்லை. உனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியும். பதக்கம் கறுத்துப்போச்சே, விளக்கித் தருகிறேன் என்று எத்தனை தடவை கேட்டேன்? ஒருநாளும் தொட விடவில்லையே, ஏன் அண்ணே?

மூன்று நாள் சிவா என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் கல்வெட்டுகிறவரைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து, "மாத்தச் சொல்லிட்டேன்" என்றான். தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தான்.

போன வெள்ளிக்கிழமை கல் வந்தது. உன் பெயருக்குக் கீழே ஒரே வரி: 'காயப்பட்டவர்களைச் சுமந்தவரின் கொள்ளுப்பேரன்.' சிவா அதைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றான்.

உன் திவசத்தன்று பிள்ளைகள் கேட்டால், பூட்டனைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வேன். உன்னைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான். கூட்டிச் சொல்ல மாட்டேன் அண்ணே. நீ இருந்தபடியே எங்களுக்குப் போதும்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
தங்கச்சி பாக்கியம்