சாய்த்தாலும் மங்காத சிவப்பு

மார்ச் 3
எங்கள் ஆய்வுக்கூடத்து சீனியரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். மனசுக்குள் மகாமேதை. அவருடைய தங்கத் தகடு இன்று வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியதாம். பக்கத்தில் நின்று செல்ஃபி வேறு.

அம்மாவுக்குப் போனில் விளக்கினேன். கண்ணாடிமேல் தங்கப் பூச்சு. அதில் ஒளியலையைவிடச் சின்ன ஓட்டைகள். வெளிச்சம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஆனால் வரிசை பிசகாமல் ஓட்டை போட்டால், தங்கத்தின் மேற்பரப்பே ஒளியை இழுத்து மறுபக்கம் தள்ளும்.

"ஓட்டையில வராம பின்ன சுவத்துலயா வரும்? இதுக்கா சம்பளம் தர்றாங்க?"

மார்ச் 5
இந்தத் தகட்டைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் மூன்றாவது பெயர் என்னுடையது! வீட்டின் முதல் பட்டதாரி அச்சில் வரப்போகிறாள். அம்மா தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று.

மார்ச் 9
மகாமேதை தகட்டைக் கழுவச் சொன்னார். கழுவும் வேலைக்கு மட்டும் என் ஞாபகம் வந்துவிடும்.

லென்ஸில் பார்த்தால், ஓட்டைகளுக்குக் குறுக்கே ஒரு கீறல். இடுக்கி பட்டது. வெளிச்சம் இது வழியாக ஒழுகியதுதானா சாதனை? சிவப்பு லேசரை மட்டும் அடித்து அளந்திருக்கிறார். ஓட்டை வரிசையின் வேலை என்றால், தகட்டைச் சாய்த்ததும் அதற்குப் பிடித்த நிறம் மாறி, சிவப்பு மங்கணும். கீறலுக்கு அந்த நாசூக்கெல்லாம் ஏது? சாய்த்தேன். மங்கவில்லை.

மார்ச் 10
யாரிடமும் சொல்லவில்லை. என் பெயரும் பொய்யில் வரப்போகிறது — வாய் இந்தத் தாளில்தான் கிழிகிறது. த்தூ.

மார்ச் 12
கூட்டத்தில் பேராசிரியர், "யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்றார். ஆமாம்சாமிகள் கம்மென்று இருந்தார்கள்.

"சாய்ச்சுப் பாத்தீங்களாண்ணா?" — என் குரல்தானா?

"சாய்ச்சா என்ன, கவுத்தா என்ன? நீ போய் பீக்கரக் கழுவு."

சிரிப்பு. பேராசிரியர் சிரிக்கவில்லை. "சாய்ச்சுதான் பாரேன்ப்பா."

சாய்த்தார். சிவப்பு அப்படியே நின்றது. கீறல் இருக்கிறது என்றேன்.

"இவ கழுவும்போது கீறிட்டா சார்!"

"அப்ப கழுவினதுக்கு அப்புறம் வெளிச்சம் கூடியிருக்கணுமேண்ணா. அன்னிக்கு நீங்க அளந்த அதே அளவுதானே இப்பவும்?"

யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 13
கட்டுரை நின்றுபோனது. "தெருவுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"

"அச்சு மெஷின் ரிப்பேர்னு சொல்லும்மா."

மார்ச் 20
காபி அறையில் மகாமேதை: "எனக்கு அப்பவே டவுட்டுதான்." இருந்திருக்கும், இருந்திருக்கும்.

ஏப்ரல் 2
நானே செய்த தகடு. கீறல் இல்லை. லேசரை அடித்தேன்; சிவப்பு தளும்பி வந்தது. சாய்த்தேன். மங்கியது.

பின்னாலிருந்து மகாமேதையின் குரல்: "இன்னொரு தடவ சாய்ங்களேன்."

திரும்பிப் பார்த்தேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அந்த 'ங்க' எனக்குத்தான்.